கீரை மத்தில் கடைந்த தேநீர்

என் மார்புக்குள் ஒரு செயற்கை வால்வு இருக்கிறது. பதினோரு ஆண்டுகளுக்கு முன் பொருத்தியது. இரண்டு சிறு கதவுகள் கொண்ட ஒரு வளையம். இதயம் துடிக்கும்தோறும் அவை திறந்து மூடுகின்றன. அது உடம்புக்கு அந்நியப் பொருள் என்பதால் அதன்மேல் இரத்தம் உறையப் பார்க்கும். உறையாமல் இருக்க நாள்தோறும் ஒரு மாத்திரை உண்டு. மாத்திரையின் வேலை மிகுந்தால் எங்கேனும் இரத்தம் கசியும். குறைந்தால் வால்வில் கட்டி விழும், அக்கட்டி மூளைக்கும் போகலாம். மாதம் ஒருமுறை இரத்தத்தைச் சோதித்து, மாத்திரை எவ்வளவு வேலை செய்கிறது என்பதை ஓர் எண்ணாகத் தருவார்கள். அது இரண்டரைக்கும் மூன்றரைக்கும் நடுவில் இருக்கும்வரை நான் மற்ற மனிதர்களைப் போல நடமாடலாம்.

கீரையில் உள்ள ஒரு வைட்டமின் அந்த மாத்திரைக்கு எதிராக வேலை செய்யக்கூடியது. அதற்காகக் கீரையை விட வேண்டும் என்பதில்லை. ஒரே அளவாக உண்ண வேண்டும் என்பதே விதி. என் மனைவி அதைப் புதனும் ஞாயிறும் ஒரு குழிக்கரண்டி என்று வகுத்திருந்தாள். அஞ்சலகத்தில் முப்பது ஆண்டு வேலை பார்த்தவள். எடையிலும் அளவிலும் அவளிடம் சலுகை கிடையாது. பாளையங்கோட்டைக் கல்லூரி ஒன்றில் தாவரவியல் கற்பித்த நான், எந்தக் கீரையில் அந்தச் சத்து எவ்வளவு என்பதைப் படித்து அவளிடம் சொல்வேன். அவள் கேட்டுக்கொள்வாள், கரண்டி மாறாது.

சென்ற ஆனி மாதம் காய்ச்சல் என்று படுத்தவள் நான்காம் நாள் இல்லை. எங்கள் ஒரே மகள் பெங்களூரிலிருந்து வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. இதற்குமேல் அதைப் பற்றி இங்கே எழுத வேண்டியதில்லை.

பதினாறாம் நாள் கழிந்தபின்னும் துட்டி கேட்க, அதாவது துக்கம் விசாரிக்க, ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். களக்காட்டிலிருந்தும் முக்கூடலிலிருந்தும் உறவினர்கள், கல்லூரியில் உடனிருந்தவர்கள், அவளுடைய அஞ்சலகத் தோழிகள். வந்தவர்க்கு ஏதேனும் கொடுக்க வேண்டும். சமையலுக்கு வரும் அம்மாள் காலையில் இரண்டு மணி நேரம் மட்டுமே இருப்பாள். எனக்குத் தெரிந்த ஒரே சமையல் காப்பி. துட்டி கேட்க வந்தவரைத் தனியே குடிக்க விட்டுப் பார்த்துக்கொண்டிருப்பது எங்கள் பக்கத்தில் முறையன்று. வீட்டுக்காரரும் ஒரு வாய் உடன் குடிக்க வேண்டும். அப்படி நாளுக்கு எட்டு டம்ளர், சில நாள் பத்து. வருவோர் குறைந்த பிறகும் டம்ளர்கள் குறையவில்லை. டிக்காஷன் இறங்கும் நேரம், பால் பொங்கும் நேரம், ஆற்றும் நேரம் என்று ஒரு பகலை அதனால் கடத்திவிட முடிந்தது.

மார்கழிவாக்கில் நெஞ்சு தடுமாறத் தொடங்கியது. நாலைந்து துடிப்பு சீராக வரும். பிறகு ஒன்று தவறி, அடுத்த இரண்டு ஒன்றின்மேல் ஒன்று விழும். மணிக்கட்டில் விரலை வைத்துக்கொண்டு நெடுநேரம் உட்கார்ந்திருப்பேன். வால்வில் குறையில்லை, எண்ணும் சரியாக இருக்கிறது, காப்பியைக் குறையுங்கள் என்றார் மருத்துவர்.

பொங்கலுக்கு வந்த மகள் ஒரு தகர டப்பாவைக் கொண்டுவந்தாள். மாட்சா என்று பெயர். ஜப்பானியரின் பச்சைத் தேயிலை. நிழலில் வளர்த்த இளந்தளிரை உலர்த்தி, நரம்பு நீக்கி, கல்லில் இட்டு மாவாக அரைத்தது. அவளுடைய அலுவலகத்தில் பாதிப்பேர் காப்பியை விட்டு இதற்கு மாறிவிட்டார்களாம்.

"காப்பி மாதிரி படபடன்னு தூக்கிட்டுப் போய்க் கீழ போடாதுப்பா. இதுலயும் காப்பியில உள்ளதுதான் இருக்கு, ஆனா கம்மி. மனசுக்கும் அமைதியா இருக்கும்கிறாங்க. நீங்களே படிச்சுப் பாருங்க."

படித்தேன். அவள் சொன்னது பெரும்பாலும் சரி. என் மாத்திரைக்கு ஆகுமா என்பதையும் நானே ஆராய்ந்தேன். அந்த வைட்டமின் நீரில் கரையாது. தேயிலையை வெந்நீரில் ஊறவைத்து வடித்தால் அது சக்கையோடு போய்விடும். ஆகவே பச்சைத் தேநீரால் பெரிய தீங்கில்லை. இப்படி முடிவுகட்டி மருத்துவரிடம் அதைப் பற்றிப் பேசவும் இல்லை. முப்பத்துநான்கு ஆண்டு இலைகளைப் பற்றிப் பாடம் சொன்னவன் இன்னொருவரிடம் எதற்காகக் கேட்க வேண்டும் என்ற எண்ணம் உள்ளூர இருந்திருக்கலாம்.

காப்பியைக் காலையில் ஒரு டம்ளராகக் குறைத்துக்கொண்டு, மற்ற வேளைகளில் மாட்சா குடித்தேன். ஒரு தேக்கரண்டித் தூளில் கொதி அடங்கிய வெந்நீரை ஊற்றி, மூங்கிலால் செய்த சிறு துடைப்பம் போன்ற ஒன்றால் நுரை வரக் கலக்க வேண்டும். நாளுக்கு மூன்று முறை. முதல் வாரம் வைக்கோலைக் கரைத்துக் குடிப்பது போல் இருந்தது; மூன்றாம் வாரத்தில் நாக்கு அதைத் தேடத் தொடங்கியது. நெஞ்சின் தடுமாற்றமும் அடங்கியது. அடி தங்கிய பச்சையை வீணாக்க மனமின்றி, கொஞ்சம் வெந்நீர் விட்டு அலசி அதையும் குடித்துவிடுவேன். மகள் இரவுதோறும் தொலைபேசியில் கேட்பாள்:

"குடிச்சீங்களாப்பா?"

"குடித்தேன்."

"எத்தனை வாட்டி?"

"மூன்று."

அந்த மூன்று என்ற சொல்லில் அவளுக்குக் கிடைத்த நிம்மதி எனக்குக் கேட்டது. தாய்க்கு ஒன்றும் செய்ய முடியாமற்போனவள் தகப்பனுக்கு ஒன்றைச் செய்துவிட்டாள். நானும் ஒருவேளைகூடத் தவறவிடவில்லை.

மாசி மாதச் சோதனையில் எண் ஒன்று புள்ளி ஏழு என்று வந்தது.

பதினோரு ஆண்டில் அவ்வளவு தாழ்ந்ததில்லை. மருத்துவர் தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"மாத்திரை விட்டுப் போச்சா சார்?"

"இல்லை."

"ஒண்ணு ரெண்டு நாள் மறந்திருக்கலாம். அம்மா இருந்தப்ப அவங்க எடுத்துக் கொடுத்திருவாங்க. இப்போ தனியா..."

"ஒரு நாளும் விடவில்லை."

அவர் தலையசைத்தார், நம்பியதாகத் தெரியவில்லை. மனைவியை இழந்த முதியவர்கள் மாத்திரையை மறப்பதையும், மறக்காமலே விட்டுவிடுவதையும் அவர் நிறையப் பார்த்திருப்பார். அளவைக் கூட்டி எழுதிக்கொடுத்தார். வீட்டுக்கு வந்து மாத்திரை அட்டைகளை எடுத்து வைத்து, வெற்றுக் குழிகளை நாட்காட்டியோடு ஒப்பிட்டேன். சரியாக இருந்தது. ஆனாலும் எனக்கே என்மேல் ஐயம் வந்தது. மாத்திரையைப் பிரித்து எங்கேனும் வைத்துவிட்டு மறந்திருப்பேனோ என்று கட்டிலுக்கு அடியிலும் மேசைக்குப் பின்னாலும் குனிந்து பார்த்தேன். கீரையை அடியோடு நிறுத்தினேன். ரசத்தில் மிதந்த கொத்தமல்லியைக்கூட எடுத்து ஒதுக்கினேன்.

பத்து நாள் கழித்து, ஒரு வெள்ளிக்கிழமை, மறுபடி சோதித்தார்கள். ஒன்று புள்ளி ஐந்து.

இம்முறை மருத்துவர் மாத்திரையைப் பற்றிக் கேட்கவில்லை. "வால்வு சத்தம் எப்படி இருக்கு சார்? பழையபடி கேக்குதா, மங்கலாயிருக்கா?" என்றார்.

இத்தகைய வால்வு மூடும்போது ஒரு சிறிய ஓசை எழுப்பும். கட்டி விழுந்தால் அவ்வோசை மழுங்கும். அறுவைக்குப் பின் முதல் சில ஆண்டுகள் நானும் அதைக் கேட்டேன். பிறகு வயதால் மெல்லிய கூரிய ஓசைகள் என் காதைவிட்டு அகன்றன. அது போய்விட்டது என்பது எனக்குப் பொருட்டாகவும் இல்லை. ஏனெனில் அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். பேச்சு ஓய்ந்த ஏதேனும் ஒரு கணத்தில், கையில் இருக்கும் வேலையை நிறுத்தாமலே, "கேக்குது" என்பாள். நான் கேட்காமலே சொல்வாள். அந்தச் சொல்லுக்கு நான் மறுமொழி சொன்னதாக நினைவில்லை.

"எனக்குக் கேட்பதில்லை, டாக்டர்" என்றேன்.

"வீட்டுல வேற யாராச்சும்?"

"இல்லை."

திங்கட்கிழமை வால்வை ஸ்கேன் செய்து பார்ப்பது என்றும், அதுவரை இரத்தம் உறையாதிருக்கக் காலையும் மாலையும் வயிற்றில் ஓர் ஊசி போட்டுக்கொள்வது என்றும் முடிவாயிற்று. பேச்சு குழறினாலோ ஒரு கை மரத்தாலோ ஒரு நிமிடமும் தாமதிக்கக்கூடாது என்றார். அன்று மாலை முழுவதும் என் பெயரையும் முகவரியையும் அவ்வப்போது வாய்விட்டுச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சனிக்கிழமை காலை நண்பர் வந்தார். மேலப்பாளையத்தில் ஜவுளி வியாபாரம் செய்து ஓய்ந்தவர். நாற்பது ஆண்டுப் பழக்கம். அவரை நான் பாய் என்பேன், அவர் என்னைச் சார்வாள் என்பார். ஊசிக்கு அழைத்துப்போக ஆட்டோவோடு வந்திருந்தார். புறப்படுமுன் அவருக்கும் சேர்த்து மாட்சா கலக்க அடுப்படிக்குப் போனேன். ஒன்றைச் சொல்ல விட்டுவிட்டேன்: மூங்கில் துடைப்பம் முதல் மாதத்திலேயே கொதிநீரில் கிடந்து பிளந்துபோயிற்று. அதன்பின் என் மனைவியின் சின்ன மத்தால்தான் கலக்கிவந்தேன். கீரை கடைவதற்கென்றே அவள் வைத்திருந்த மத்து; கீரையை நிறுத்திய பிறகு அது இதற்கு மட்டுமே பயன்பட்டது.

பின்னாலேயே வந்த பாய் வாசற்படியில் நின்றுவிட்டார்.

"என்ன சார்வாள், காலங்காத்தால கீரை கடையுதிய?"

"தேநீர் பாய். காப்பிக்குப் பதிலாக."

"தேத்தண்ணியை எவன் வே மத்தப் போட்டுக் கடைவான்? இங்கன கொண்டாரும்." ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளிக்காமல் இருக்கப் பாடுபட்டார். "நாலு பூண்டத் தட்டிப் போட்டு, ஒரு வத்தலக் கிள்ளித் தாளிச்சீருன்னா சோத்துல போட்டுப் பிசைஞ்சு அடிக்கலாம். சக்கையக் காணோமே, எலைய அப்படியே முழுங்குதியளோ?"

"ஆமாம். முழு இலை" என்றேன்.

சொல்லி முடித்ததும் என் கை மத்தின்மேல் நின்றது.

நீரில் கரையாததைச் சக்கையோடு வெளியேற்றிவிடுவோம் என்று கணக்கிட்டேன். இதில் வெளியேற்றுவதற்குச் சக்கையே இல்லை. இலை முழுவதும் என் வயிற்றுக்குள் போகிறது. மூன்று தேக்கரண்டி வீதம், ஏறக்குறைய ஏழு வாரம், அடியை அலசிக் குடித்ததும் சேர்த்து. சோற்றில் இருந்த கீரையை எல்லாம் விலக்கிவிட்டு, டம்ளரில் இருந்ததை விடாமல் குடித்திருக்கிறேன். எங்களுக்குக் கீரை என்றால் வாழையிலையில் பரிமாறுவது, குடிப்பது கீரையாகாது. மாணவன் ஒருவன் இப்படி எழுதியிருந்தால் விடைத்தாளில் இரண்டு கோடு இழுத்திருப்பேன்.

"என்ன சார்வாள், வேர்க்குது உமக்கு?"

நடந்ததைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. டம்ளரைப் பைய மேடைமேல் வைத்தார்.

"பாய், ஒரு உதவி வேண்டும். என் நெஞ்சில் காதை வைத்து ஓசை ஏதேனும் கேட்கிறதா என்று சொல்லும்."

"என் காதையா? நல்ல ஆளப் பாத்தீரு வே. பேரன் கல்யாணத்துல மைக் செட்டே எனக்குக் கொசு பாடுன மாதிரிதான் இருந்தது." ஆனாலும் குனிந்து என் சட்டைமேல் காதைப் பதித்தார். உடனே ஒரு கீச்சொலி எழுந்தது. அது எனக்கேகூடக் கேட்டது.

"அது உம்ம வால்வு இல்ல. என் காது மெஷினு. அமுக்குனா இப்படித்தான் கத்தும்." அதைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுவிட்டு மறுபடி காதை வைத்தார். வெகுநேரம் வைத்திருந்தார். நிமிர்ந்தபோது என் கண்ணைப் பார்க்கவில்லை. "எனக்கு ஒண்ணும் தெரியல. நம்மள நம்பி ஒண்ணும் முடிவு செய்யாதியும்" என்றார்.

மருத்துவருக்குத் தொலைபேசினேன். ஊசியை விடாமல் போடவும், தேநீரைத் தொடாமல் இருக்கவும், டப்பாவைத் திங்களன்று கொண்டுவரவும் சொன்னார். தம் குரலில் இருந்த வியப்பை அவர் மறைக்க முயன்றது தெரிந்தது.

மகளிடம் சொல்வதா வேண்டாமா என்பதில்தான் அன்றைய பகல் கழிந்தது. சொன்னால், அந்த டப்பாவைக் கொடுத்தவள் தானே என்று நினைப்பாள். எனக்கு ஏதேனும் நேர்ந்துவிட்டால் வாழ்நாள் முழுவதும் நினைப்பாள். ஒன்றுமில்லை என்று ஸ்கேன் சொல்லிவிட்டால் அவள் அறியவே தேவையில்லை. மூன்று முறை குடித்தேன் என்று இரண்டு நாள் பொய் சொன்னால் போதும். ஆனால் ஸ்கேன் வேறு விதமாகச் சொன்னால்? தாயின் கடைசி நாளைக் காணாதவள், தகப்பனுடையதையும் பிந்தியே அறிய நேரும். மாலை ஊசிக்குப் பிறகு நானே அழைத்தேன். வரிசையாக, எதையும் கூட்டாமல் குறைக்காமல் சொன்னேன். தவறு டப்பாவினுடையது அன்று, அதைப் படித்துப் பார்த்தும் பாராத என்னுடையது என்பதை இருமுறை சொன்னேன்.

ஊசி போட்டாயிற்றா என்று முதலில் கேட்டாள். பிறகு, "போனை நெஞ்சுல வைங்கப்பா" என்றாள்.

வைத்தேன். நூறுவரை எண்ணிவிட்டு எடுத்தேன்.

"கேட்டதா?"

"கரகரன்னுதான் இருக்கு. சட்டையை விலக்கிட்டு வைங்க."

விலக்கிவிட்டு வைத்தேன்.

"ஒண்ணும் இல்லப்பா." அவள் குரல் உடைந்து, உடனே சரியாயிற்று. "இல்ல, போன் இந்த மாதிரிச் சத்தத்தையெல்லாம் வடிகட்டிரும். பேச்சை மட்டும்தான் விடும். அதனாலதான் கேக்கல. நீங்க பயப்படாதீங்க. நான் கிளம்பி வாறேன்."

மறுநாள் காலை வந்தாள். பையை இறக்கி வைக்கவில்லை. செருப்பை மட்டும் கழற்றிவிட்டு நேரே வந்து, சிறு வயதில்கூடச் செய்யாத ஒன்றாக, என் மார்பில் காதை வைத்தாள். தெருவில் பேருந்துகளின் இரைச்சல். அது அடங்கும்வரை இருவரும் அசையவில்லை.

"கேக்குது" என்றாள்.

நாற்காலியில் உட்கார்ந்தேன். அவள் நின்றபடியே இருந்தாள். முகத்தில் தெளிவு இல்லை.

"ஆனா இது எப்பவும் இருக்கிற சத்தமா, குறைஞ்ச சத்தமான்னு எனக்கு எப்படிப்பா தெரியும்? நான் இதுவரைக்கும் கேட்டதே இல்லையே. அம்மாவுக்குத்தான தெரியும்."

ஒப்பிடுவதற்கு வேண்டிய மறுபாதி எங்கள் இருவரிடமும் இல்லை. அன்று பகலில் ஏழெட்டு முறை அவள் வந்து கேட்டாள். கேட்கும்தோறும் முன்னைவிடச் சற்று மங்கல் என்று தோன்றுவதாகவும், பிறகு அப்படி இல்லை என்றும் சொன்னாள். கடைசியில் நான் வேண்டாம் என்றேன்.

திங்களன்று ஸ்கேன் அறையில் இருட்டு. மருத்துவர் நெடுநேரம் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கருவியை நகர்த்துவார், நிறுத்துவார், அளப்பார், மறுபடி நகர்த்துவார். அவர் மூச்சு விடும் விதத்திலிருந்து செய்தியை அறிந்துகொள்ள முயன்றேன்.

"ரெண்டு கதவும் முழுசாத் திறக்குது சார். கட்டி ஒண்ணும் இல்ல."

மகள் சுவரில் சாய்ந்துகொண்டாள். வெளியே வந்து, டப்பாவை மேசைமேல் வைத்து, "இதைக் குப்பையில போட்டுருதேன் டாக்டர்" என்றாள். மருத்துவர் அதைத் திறந்து மோந்து பார்த்தார். நிறுத்துவதானால் அதற்கேற்ப மாத்திரையை வேகமாகக் குறைக்க வேண்டும், எண் எதிர்ப்பக்கம் ஓடவும் கூடும். தொடர்வதானால் ஒரே அளவாகத் தொடர வேண்டும். எதுவானாலும் தமக்குச் சம்மதம் என்றார்.

"அரைக் கரண்டி, காலையில் ஒரு முறை" என்றேன்.

மகள் திரும்பி என்னைப் பார்த்தாள். அடியோடு நிறுத்தாவிட்டால் எண் எதிர்ப்பக்கம் ஓடும் அபாயம் குறையும் என்பது அதற்கு ஒரு நியாயம். நெஞ்சைத் தடுமாறவைத்த காப்பிக்குத் திரும்ப முடியாது என்பது இன்னொன்று. அந்த டப்பா குப்பைக்குப் போனால் அது ஒரு குற்றப்பொருளாக அவள் மனத்தில் தங்கிவிடும் என்பதை நான் சொல்லவில்லை.

அவள் விடுப்பை நீட்டிக்கொண்டு இரண்டு வாரம் இருந்தாள். மத்தைக் கழுவி வைத்துவிட்டுச் சிறு வடிகட்டி வாங்கிவந்து தூளைக் கட்டியில்லாமல் சலித்தாள். தேக்கரண்டியில் பாதிக்கு நேராகச் சிவப்பு மையால் ஒரு கோடு போட்டாள். காலையில் நான் குடிக்கும்போது எதிரே உட்காராமல் பக்கத்தில் உட்கார்ந்தாள். பன்னிரண்டாம் நாளோ என்னவோ, தட்டைப் பார்த்து இட்டிலியைப் பிட்டுக்கொண்டே சொன்னாள்:

"ஸ்கேன் நல்லா இருக்கும்போது சத்தம் எப்படி இருக்குன்னு இப்போ எனக்கு மனசுல பதிஞ்சிருச்சுப்பா. இனிமே மாறினா கண்டுபிடிச்சிருவேன்."

நான் டம்ளரைக் கீழே வைத்தேன். அவள் பெங்களூர் திரும்பப் பயணச்சீட்டு எடுத்திருந்தது ஞாயிற்றுக்கிழமைக்கு.

"மாசத்துல ரெண்டாம் சனி வந்திருவேன்" என்றாள்.

எண் இப்போது இரண்டு புள்ளி மூன்று. இன்னும் ஏற வேண்டும். அடுத்த சோதனை வியாழக்கிழமை. அவள் வருவதற்கு அதற்குப் பின்னும் ஒன்பது நாள் இருக்கிறது.